லென்ஸுக்கு இடப்பக்கம்

ஜனவரி 6

காலையில் கணினியைத் திறந்தால் ஆவுடையப்பன் சாரிடமிருந்து மின்னஞ்சல்.

‘வணக்கம். நான் ஆவுடையப்பன். நிலத்தடி நீர் பாடத்துக்கு உங்களை வரவேற்கிறேன். இந்தப் பன்னிரண்டு வாரமும் உங்களோடுதான் இருப்பேன். புரியவில்லை என்றால் கூச்சப்படாமல் கேளுங்கள்.’

சார் போன ஆவணியில் இறந்துவிட்டார். மாரடைப்பு. இந்த மின்னஞ்சலை அனுப்பியது எங்கள் பாடத் தளம். புதிய பருவம் தொடங்கும் நாளில், பதிவு செய்த எல்லோருக்கும் அது தானாகவே போய்ச் சேரும். போன பருவத்தில் அவர் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்து வைத்தது. இந்தப் பருவத்துக்கு மாற்றியிருக்க வேண்டும். மறந்துவிட்டேன். இயக்குநர் ஜெபசிங்கிடமும் அப்படித்தான் சொன்னேன்.

“என்ன செண்பகம், செத்தவரு வந்து வரவேற்பு சொல்லுதாரு. காலங்காத்தால உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு,” என்றார். சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

இது பல்கலைக்கழகத்தின் திறந்தநிலைக் கல்விப் பிரிவு. பெயர்தான் பெரிது, ஒரு ஸ்டுடியோ, இரண்டு அறை, இயக்குநர், எலக்ட்ரீஷியன் சுடலைமுத்து, நான். பாடங்கள் இலவசம். யாரும் சேரலாம், வீடியோவை இறக்கிக்கொள்ளலாம், நகலெடுத்து மற்றவர்களுக்கும் கொடுக்கலாம். படம்பிடிப்பது, வெட்டி ஒட்டுவது, தளத்தில் ஏற்றுவது, மாணவர்கள் கேள்வி கேட்கும் மன்றத்தைப் பார்த்துக்கொள்வது எல்லாம் என் தலையில்.

சார் இறந்த செய்தியைப் பாடப் பக்கத்தில் போட வேண்டும் என்று அக்டோபரிலேயே குறிப்பு அனுப்பினேன். பெயருக்கு முன்னால் ‘அமரர்’ என்று போடுவதா ‘மறைந்த’ என்று போடுவதா என்பதைப் பல்கலைக்கழகக் குழு இன்னும் முடிவு செய்யவில்லை. அதுவரை தளத்தில் அவர் உயிரோடுதான் இருப்பார். எனக்கென்ன வந்தது.

ஜனவரி 10

மன்றத்தில் கேள்விகள் வரத் தொடங்கிவிட்டன. சிவகங்கையிலிருந்து ஒரு பொறியியல் மாணவன், திருப்பூரிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை, துபாயிலிருந்து ஒருவர். பக்கத்துப் பக்கத்து வயல்தான், ஒரு ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, மற்றதில் இல்லை, ஏன் என்று ஆசிரியை கேட்டிருந்தார்.

சாரின் கணக்கில் நுழைந்துதான் பதில் போடுகிறேன். அவர் இருந்தபோதும் அப்படித்தான். அவருக்குத் தட்டச்சு வராது. ஸ்டுடியோ நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொல்வார், நான் அடிப்பேன். நல்ல கேள்விக்கு ‘இதைக் கேட்டதற்கு உங்களுக்கு ஒரு டீ வாங்கித் தரலாம்’ என்பார். ஆசிரியைக்கு அதையே எழுதி, பாறையில் விரிசல் எங்கே ஓடுகிறதோ அங்கேதான் தண்ணீரும் ஓடும், நம் வரப்பு அதற்குத் தெரியாது என்று விளக்கினேன். நான் படித்தது பி.காம். ஆனால் இந்தப் பாடம் முழுவதையும் அவர் என்னிடம்தான் சொன்னார்.

அது இப்படி ஆயிற்று. படப்பிடிப்பின் முதல் நாள் சார் லென்ஸைப் பார்த்தார், பாடத்தைத் தொடங்கினார், நிறுத்தினார். திரும்பத் தொடங்கினார், நிறுத்தினார். “இந்தக் கண்ணாடியப் பாத்து எப்படிம்மா பாடம் எடுக்க? ஒரு ஆளு முன்னால இருக்கணும். நீ வந்து உக்காரு,” என்றார். கேமராவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். நான் புருவத்தைச் சுருக்கினால் அவர் மறுபடி முதலிலிருந்து சொல்வார். தலையாட்டினால் அடுத்ததற்குப் போவார். அது அவர் இறப்பதற்கு முந்தின வருடம்; மழைக்காலம் தொடங்கும்வரை அப்படியே ஓடியது.

வீட்டு மாடித் தொட்டியில் இன்றும் தண்ணீர் ஏறவில்லை. மோட்டாரைப் பார்க்க ஆள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வரவில்லை.

ஜனவரி 18

பொங்கல் விடுமுறை முடிந்து மன்றத்தைத் திறந்தால் பாடத்தைப் பற்றிய பேச்சே இல்லை.

தர்மபுரி மாணவி ஒருத்தி எழுதியிருக்கிறாள்: ‘சார் அருமையாகச் சொல்லிக் கொடுக்கிறார். எனக்கு எந்த இடத்தில் புரியவில்லையோ சரியாக அந்த இடத்தில் நின்று மறுபடியும் சொல்கிறார். ஆனால் அவர் என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் யாரையோ பார்க்கிறார். நேற்று நான் திரும்பியே பார்த்துவிட்டேன்.’

அதற்குக் கீழே ‘நானும்’, ‘நானும்’ என்று ஒரு வரிசை. துபாய்க்காரர், ‘என் மனைவி அந்த வீடியோவை அறையில் போடாதே என்கிறாள், யாரோ நிற்பதுபோல இருக்கிறதாம்’ என்று எழுதியிருக்கிறார்.

‘கேமரா ஸ்டாண்டு சற்றுச் சாய்ந்திருந்தது. மன்னிக்கவும்’ என்று சார் பெயரில் பதில் போட்டேன்.

ஸ்டாண்டு சாயவில்லை. பேசுகிறவர் லென்ஸைப் பார்க்காமல் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்தால் திரையில் பார்வை இப்படித்தான் விலகும். இதை வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே எல்லோருக்கும் சொல்லிக் கொடுப்பார்கள். ஸ்டூலைக் கேமராவுக்கு நேர் பின்னால் போட்டிருந்தால் சரியாகியிருக்கும். பின்னால் இடமில்லை. மின்பெட்டி இருந்தது.

ஜனவரி 19

ஞாயிறு. துணி துவைத்தேன். வேறொன்றும் இல்லை.

ஜனவரி 24

உலகம்மாள் என்று ஒருவர் சேர்ந்திருக்கிறார். ஊர் போடவில்லை, படம் போடவில்லை. வாராந்திரத் தேர்வுகளில் நல்ல மதிப்பெண். இதுவரை எதுவும் எழுதாதவர் இன்று ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்.

‘மூன்றாம் வாரம், இரண்டாம் வீடியோ. நீர்மட்டம் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்து நடுவில் சிரிக்கிறீர்கள். பாடத்தில் சிரிக்க ஒன்றும் இல்லை. எதற்காகச் சிரித்தீர்கள்?’

எனக்கு நினைவிருக்கிறது. மேலேயிருந்து பல்லி என் மடியில் விழுந்தது. ஒலிப்பதிவு ஓடுகிறதே என்று நான் கத்தாமல், வாயைப் பொத்திக்கொண்டு ஸ்டூலோடு பின்னால் சாய்ந்தேன். அவர் சிரித்தார். அந்த இடத்தை வெட்டியிருக்கலாம். வெட்டினால் வாக்கியம் தாவிவிடும் என்று விட்டுவிட்டேன்.

‘ஸ்டுடியோவில் ஒரு பல்லி விழுந்தது’ என்று அவர் பெயரில் எழுதினேன். உண்மைதானே.

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது: ‘பல்லியைப் பார்த்துச் சிரிக்கிற ஆள் மாதிரி தெரியவில்லை.’

பிப்ரவரி 4

மதிப்பீட்டுக் குழுவின் அறிக்கை வந்துவிட்டது. தேசிய அளவிலான தளத்தில் எங்கள் பாடங்களைச் சேர்ப்பதற்கு முன்னால் வெளியூர் நிபுணர்கள் பார்த்துச் சொல்வார்கள். நிலத்தடி நீர் பாடத்துக்கு உள்ளடக்கத்தில் உயர்ந்த தரம். ஒளிப்பதிவில் ‘திருத்த இயலாத குறை’. பேராசிரியரின் பார்வை கற்பவரைச் சந்திக்கவில்லை. ஆறாம் வாரத்தின் நான்காம் வீடியோ தவிர மற்ற அனைத்திலும்.

ஜெபசிங் என்னைக் கூப்பிட்டார்.

“ஒண்ணு ரெண்டு வீடியோன்னா பரவால்ல. அம்புட்டும் இப்படி இருக்கே. எடுக்கும்போது பாக்கலியா நீங்க?”

“ஸ்டாண்டு சார். அப்பவே பழசு.”

“அந்த ஒண்ணு மட்டும் எப்படிச் சரியா வந்துச்சு?”

“அன்னைக்கு நான் லீவு. சுடலைமுத்து எடுத்தாரு.”

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு அறிக்கையைப் பார்த்தார். “எலக்ட்ரீஷியன் எடுத்தது சரியா இருக்கு, நீங்க எடுத்தது கோணலா இருக்கு. வெளிய சொன்னா சிரிப்பாவ,” என்றார்.

பருவம் முடிந்ததும் அந்த ஒன்றைத் தவிர எல்லா வீடியோக்களையும் எடுத்துவிட முடிவு. ஜூனில் வேறொரு பேராசிரியர் வந்து பாடம் முழுவதையும் புதிதாகப் பதிவு செய்வார். சாரின் நினைவாக அந்த ஒரு வீடியோ மட்டும் இருக்கும்.

சரி என்றேன். சரி என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

பிப்ரவரி 5

அந்த வீடியோவைச் சுடலைமுத்து கொடுத்தபடியே, வெட்டாமல் தளத்தில் ஏற்றினேன். இதுவரை பார்த்ததில்லை.

பிப்ரவரி 13

ஆறாம் வாரம். நுண்துளையும் ஊடுருவலும். களிமண்ணில் துளைகள் அதிகம், இருந்தும் தண்ணீர் நகராது. மணலில் துளைகள் குறைவு, தண்ணீர் ஓடும். போன பருவத்தைப் போலவே இந்தப் பருவத்திலும் நான்காம் வீடியோ ஒருவருக்கும் புரியவில்லை. தேர்வில் பாதிப்பேர் அதில் தவறியிருக்கிறார்கள். தர்மபுரிப் பெண் எழுதுகிறாள்: ‘இதில் மட்டும் சார் நேராகப் பார்க்கிறார். ஆனால் கடகடவென்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். நிற்கவே இல்லை.’

அதன் கீழே உலகம்மாள்:

‘இந்த ஒரு வீடியோவில் நீங்கள் எங்களைப் பார்க்கிறீர்கள். அன்று அங்கே யார் வரவில்லை?’

மறுபடி வாசித்தேன். மத்தியானம், ஜன்னலுக்கு வெளியே சுடலைமுத்து யாரோடோ சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார், எனக்கு முதுகுப் பக்கம் ஆள் நிற்பது போலவே இருந்தது. திரும்பிப் பார்த்தேன். ஸ்டூல்தான் இருந்தது. அதைத் தூக்கிக் கொண்டுபோய் பழைய சாமான்கள் அறையில் போட்டுவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 17

நாலு நாளாக எழுதி எழுதி அழித்த பதிலை இன்று போட்டுவிட்டேன். ‘அன்று ஒளிப்பதிவு செய்பவர் விடுப்பில் இருந்தார். வேறொருவர் எடுத்தார்.’ கீழே பெயர்: ஆவுடையப்பன்.

ஸ்டூல் இல்லாமல் ஸ்டுடியோ மொட்டையாக இருந்தது. திரும்ப எடுத்து வந்து போட்டேன்.

பிப்ரவரி 18

உலகம்மாள்: ‘நன்றி. அவர் பெயர் என்ன?’

மார்ச் 3

இரண்டு வாரமாக சாரின் கணக்கில் நுழையவில்லை. ஆவுடையப்பன் சார் ஏன் பதில் எழுதுவதில்லை, உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டு மன்றம் நிறைய செய்திகள். ஒரு பையன் ‘சார், கோபமா?’ என்று கேட்டிருக்கிறான்.

அதை வாசித்து அழுதேன். அவர் இறந்தபோதுகூட நான் இவ்வளவு அழவில்லை. அப்போது எனக்கு வேலை இருந்தது. இரங்கல் கூட்டத்தைப் படம்பிடிக்கச் சொல்லியிருந்தார்கள். முதல் வரிசையில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தார். மெலிந்த உடம்பு, சாம்பல் நிறச் சேலை. கேமரா வழியாகத்தான் அவரைப் பார்த்தேன். பெயர்கூடத் தெரியாது. சார் எப்போதும் ‘வீட்ல’ என்றுதான் சொல்வார். வீட்ல புளிக்குழம்பு. வீட்ல பல்வலி. வீட்ல தேடுவாவ, கிளம்புதேன்.

நானாக அவர் மனைவியைப் பற்றி ஒன்று கற்பனை செய்து வைத்திருந்தேன்: சமையல், கோவில், மெகா சீரியல். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது.

மார்ச் 11

ஜெபசிங் சொன்னார்: “நாளைக்கு ஆவுடையப்பன் சாரோட மிஸஸ் வாராவ. சாரு சாமான் ஏதும் ஸ்டுடியோல கெடந்தா எடுத்து வைங்க.”

எடுத்து வைத்தேன். ஒரு ஃபிளாஸ்க், ஒரு துண்டு, மார்க்கர் பேனாக்கள், பாறைத் துண்டுகள் இருந்த ஒரு பிஸ்கட் டப்பா. வாசிக்கும்போது போடும் கண்ணாடி என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அது ஸ்டுடியோவில் கிடந்த சாமான் ஆகாது.

மார்ச் 12

நடந்ததை நடந்தபடி எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கு நான் இதையும் வெட்டி ஒட்டிவிடுவேன்.

பதினோரு மணிக்கு வந்தார். இயக்குநர் அறையில் காப்பி குடித்தார். பிறகு ஸ்டுடியோவைப் பார்க்க வேண்டும் என்றாராம், ஜெபசிங் கூட்டிக்கொண்டு வந்து என்னிடம் விட்டுவிட்டு, கூட்டம் இருக்கிறது என்று போய்விட்டார். நான் சாமான்கள் இருந்த பையை நீட்டினேன். அவர் வாங்கிக் கீழே வைத்தார்.

“நான்தான் உலகம்மாள்,” என்றார்.

மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

“உக்காருங்க. பயப்படாதீங்க. இயக்குநர்ட்ட ஒண்ணும் சொல்லல.”

“அவுக பேருல பதில் எழுதுனது தப்புதான் மேடம்.”

“அது எனக்கு மொதப் பதில்லயே தெரியும். செத்தவுக எழுதுவாவளா? உசிரோட இருந்தப்பவே அவுக எழுத மாட்டாவ. வீட்டுக் கரண்டு பில்லுகூட நான்தான் கட்டுவேன். இன்சூரன்ஸ் ஆபீஸ்ல முப்பது வருசம் கம்ப்யூட்டர் முன்னாலதான் உக்காந்திருந்தேன், எனக்கு இதெல்லாம் அத்துப்படி.” கீழே வைத்த பையை ஓரமாக நகர்த்தினார். “ஆனா அந்த டீ வாங்கித் தரலாம்ங்கறது. அத வாசிச்சதும் அவுக பக்கத்துல வந்து சொன்ன மாதிரி இருந்துச்சு. இம்புட்டுக்கு அவுக பேச்ச மனப்பாடமா வச்சிருக்க ஆளு யாருன்னு பாத்துரணும்னுதான் கேள்வியா கேட்டேன்.”

சுற்றிலும் பார்த்தார். “அவுக எங்க உக்காருவாவ?”

நாற்காலியைக் காட்டினேன்.

“நீங்க?”

ஸ்டூலைக் காட்டினேன். அவர் போய் அதில் உட்கார்ந்தார். காலியான நாற்காலியைப் பார்த்தார். கையை நீட்டினால் எட்டிவிடும் தூரம்.

“இவ்வளவு பக்கத்துலயா,” என்றார். கேள்வி மாதிரி இல்லை.

நான் மின்பெட்டியைக் காட்டி, பின்னால் இடமில்லாததால்தான் என்று ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் மின்பெட்டியைப் பார்த்தார். அதற்கும் கேமராவுக்கும் நடுவே இரண்டு பேர் உட்காரலாம்.

“வேற எதும் உண்டா?” என்று கேட்டார். “நேராவே கேக்கேன். உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல?”

“இல்ல மேடம். பாடம் மட்டும்தான். வேற ஒரு வார்த்தை கிடையாது.”

“எனக்கு அதுவும் கிடைக்கலியே,” என்றார். “கல்யாணம் ஆகி இத்தன வருசத்துல தண்ணி எப்படி மண்ணுக்குள்ள போவுதுன்னு ஒருநா எனக்குச் சொன்னாவளா? நான் கேட்டிருக்கேன். உனக்கு எதுக்கு அதெல்லாம்பாவ. செத்த பொறவு வீடியோவப் போட்டுப் படிக்கேன். எம்புட்டு நல்லா சொல்லுதாவ! ஒருதரம் புரியலன்னா மூணுதரம் சொல்லுதாவ. எம்மேல எரிஞ்சு விழுந்த அதே ஆளா இதுன்னு இருக்கு. ஆனா என்னப் பாக்கல. வீட்டு டிவில போட்டு, சோபாவுல இந்தக் கடைசில உக்காந்து பாத்தேன், அந்தக் கடைசில உக்காந்து பாத்தேன். தரையில உக்காந்தும் பாத்தாச்சு. எங்க உக்காந்தாலும் என் தோளுக்கு அங்கிட்டுதான் பாக்காவ.”

“படத்துல அப்படித்தான் மேடம். லென்ஸப் பாக்கலன்னா, நாம எந்தப் பக்கம் நகர்ந்தாலும் அந்தப் பார்வை நம்ம மேல விழாது.”

“யாரு மேலயும் விழாதா?”

“விழாது.”

அவர் ஸ்டூலிலிருந்து என்னைத் திரும்பிப் பார்த்தார். “அப்ப நீங்க பாத்தா? இப்ப, நீங்க அந்த வீடியோவப் பாக்கும்போது? உங்களப் பாக்காவளா?”

இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. கேட்கக்கூடியவர் யாரும் இல்லை. ஆவணியில் அவர் இறந்த மறுவாரம், யாரும் இல்லாத நேரத்தில் பெரிய திரையை அந்த நாற்காலியில் நிறுத்தி, வீடியோவை ஓடவிட்டு, இதே ஸ்டூலில் வந்து உட்கார்ந்தேன். எனக்குத் தெரியும், அது எப்படி இருக்கும் என்று. என் வேலையே அதுதான். இருந்தும் உட்கார்ந்தேன். அவர் என் தோளுக்கு அந்தப் பக்கம் யாரிடமோ பாடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் புருவத்தைச் சுருக்கிப் பார்த்தேன். அவர் நிற்காமல் அடுத்ததற்குப் போனார்.

“இல்ல மேடம்,” என்றேன். “என்னையும் பாக்கல.”

ஏசி ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் அந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிறகு நான்தான் சொன்னேன், பருவம் முடிந்ததும் வீடியோக்களை எடுக்கப் போகிறார்கள் என்று. ஒன்றே ஒன்று மட்டும் இருக்கும், சரியாக வந்தது, அவர் நேராகப் பார்ப்பது. அது அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன்.

“அதையா வைக்கப் போறாவ?” என்றார். முகம் மாறிவிட்டது. “அத நான் மொதல்ல பாத்தப்ப எப்படி அழுதேன் தெரியுமா? கடைசில என்னப் பாத்துட்டாவன்னு. திரும்பத் திரும்பப் போட்டுப் பாத்தேன். அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு. அன்னைக்கு வீட்டுக்கு வந்து சரியாச் சாப்பிடல. என்னன்னு கேட்டேன். ‘இன்னைக்கு ஆளில்லாம கண்ணாடியப் பாத்துக் கத்திட்டு வந்தேன்’னாவ. அந்தக் கண்ணு என்னையும் பாக்கல, ஒருத்தரையும் பாக்கல. பொணத்துக் கண்ணு மாதிரி இருக்கு. மத்ததுலதான் அவுக உசிரோட இருக்காவ.”

“ஆனா மத்ததுல...”

“உங்களத்தான் பாக்காவ. தெரியும். உங்க மேல கோவம் இல்லன்னு சொல்ல மாட்டேன். நிறைய இருக்கு. ஆனா அவுக மொகம் அப்படி இருந்து நான் பாத்ததே இல்ல. அது எனக்கு வேணும்.”

யாரும் இறக்கிக்கொள்ளலாம் என்று வீடியோவுக்குக் கீழே எழுதியிருக்கிறதே, அது நிஜந்தானா என்று கேட்டார். நிஜந்தான் என்றேன். யாரும் எடுத்து வேறெங்கும் போடலாம், அழிக்கச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. செய்தவர்கள் பெயரைப் போட வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. தளத்தில் இருப்பது சுருக்கிய வடிவம், தெளிவு குறைவு, மூலப் பதிவு என்னிடம் இருக்கிறது, தருகிறேன் என்றேன்.

“எல்லாத்தையும் தாங்க. அந்தப் பல்லி விழுந்ததையும்.”

போகும்போது பையை எடுத்தார். திறந்து பார்த்துவிட்டு, கண்ணாடி இல்லையா என்று கேட்கவில்லை. நான் ஓடிப்போய் இழுப்பறையிலிருந்து எடுத்து வந்து கொடுத்தேன். அவர் அதைத் தன் முந்தானையில் துடைத்து, மடக்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

மார்ச் 13

ஹார்டு டிஸ்கில் எல்லாவற்றையும் ஏற்றினேன். மூலப் பதிவுகளில் அவர் ‘செண்பகம், புரியுதா?’ என்று கேட்கிற இடங்கள் இருக்கின்றன. எத்தனையோ இடங்கள். வெளியான வீடியோக்களில் அதையெல்லாம் வெட்டிவிட்டேன். இப்போது கொடுக்கும் முன்னால் மறுபடி வெட்டுவதா என்று யோசித்துக்கொண்டே மத்தியானம்வரை உட்கார்ந்திருந்தேன்.

வெட்டவில்லை. அவர் எல்லாவற்றையும் கேட்டார். கொடுத்தால் எல்லாவற்றையும்தான் கொடுக்க வேண்டும்.

மார்ச் 14

சாரின் கணக்கில் கடைசியாக ஒருமுறை நுழைந்து, அவர் போன ஆவணியில் இறந்துவிட்டார், அதன்பிறகு பதில் எழுதியது நான், என் பெயர் செண்பகவல்லி என்று எழுதினேன். ‘அமரர்’, ‘மறைந்த’ இரண்டையும் போடவில்லை. ஜெபசிங் என்னைக் கூப்பிட்டு அரைமணி நேரம் திட்டினார். குழுவுக்கு விளக்கம் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார். தரலாம்.

மன்றத்தில் சிலர் திட்டியிருக்கிறார்கள். திட்ட வேண்டியதுதான். துபாய்க்காரர் பாடத்திலிருந்து விலகிவிட்டார். தர்மபுரிப் பெண் மட்டும் ‘நீங்கள்தான் அந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்களா அக்கா?’ என்று கேட்டாள்.

மார்ச் 28

பருவம் முடிந்தது. வீடியோக்களை எடுத்துவிட்டேன். ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து, உறுதியா என்று தளம் கேட்கும், ஆம் என்று அழுத்த வேண்டும். வேறு யாரையாவது செய்யச் சொல்லவா என்று ஜெபசிங் கேட்டார். அவருக்கும் மனது இருக்கிறது. வேண்டாம் சார் என்றேன்.

முடித்துவிட்டு, மிச்சமிருந்த அந்த ஒரு வீடியோவை முதல்முறையாகப் பார்த்தேன். உலகம்மாள் சொன்னது சரி. சார் நேராக என்னைப் பார்க்கிறார், அங்கே நான் இல்லை. பாதியில் நிறுத்திவிட்டேன்.

ஏப்ரல் 9

விளக்கத்தைக் குழு ஏற்றுக்கொண்டது, எச்சரிக்கையோடு. ஜூனில் புதிய பேராசிரியர் வருகிறார். ஸ்டூலை மின்பெட்டிக்கும் கேமராவுக்கும் நடுவே, லென்ஸுக்கு நேர் பின்னால் போட்டு அளந்து பார்த்தேன். நன்றாகவே இடம் இருக்கிறது. தரையில் டேப் ஒட்டிக் குறித்தும் வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 16

உலகம்மாளிடமிருந்து மின்னஞ்சல். ஒரு வார்த்தை இல்லை, இணைப்பு மட்டும்.

திறந்தேன். எல்லா வீடியோக்களும் அவர் தொடங்கிய பக்கத்தில் இருந்தன, வாரம் வாரமாக, வரிசையாக. எதையும் வெட்டவில்லை. முதல் வீடியோவிலேயே சார் தொண்டையைச் செருமிக்கொண்டு, லென்ஸுக்கு இடப்பக்கம் பார்த்து, “செண்பகம், ஆரம்பிக்கட்டுமா?” என்கிறார். ஏற்றிய இரண்டே நாளில் எத்தனையோ பேர் பார்த்துவிட்டார்கள்.

எங்கள் பிரிவின் வீடியோக்களில் பேராசிரியர் பெயரும் பிரிவின் பெயரும்தான் வரும். ஒளிப்பதிவு செய்தவர் பெயர் போடும் வழக்கமில்லை, நானும் கேட்டதில்லை. உலகம்மாள் உரிமத்தை நன்றாக வாசித்திருக்கிறார். திறந்து பார்த்த ஒவ்வொரு வீடியோவுக்குக் கீழேயும் இரண்டு வரி எழுதியிருக்கிறார்.

பாடம் சொன்னவர்: ஆவுடையப்பன்.
எதிரே இருந்து கேட்டவர்: செண்பகவல்லி.

ஆறாம் வாரம் நான்காம் வீடியோவைத் தேடினேன். அதையும் போட்டிருக்கிறார். அதில் முதல் வரி மட்டும் இருக்கிறது. இரண்டாவது வரியில் தன் பெயரைப் போட்டிருப்பார் என்று நினைத்தேன். அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறார்.